கதைப் புத்தகம் எடுக்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு புத்தக அலுமாரி இருக்கிறது. அக்கம்பக்கத்தார் வந்து கதைப் புத்தகம் எடுத்துப் போவார்கள். பெரும்பாலும் சரித்திரக் கதை, துப்பறியும் கதை, குடும்பக் கதை, காதல் கதை. நான் இலக்கியம் படித்துப் பட்டம் பெற்றவள் இல்லை, விருப்பத்துக்கு வாசிக்கிறவள். வருகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, என் மனதில் பட்டதைப் பதிலாகத் தந்திருக்கிறேன்.

“பள்ளிக்கூடப் புத்தகம் தவிர வேற ஒண்டும் வாசிச்சதில்லை அக்கா. எதிலை தொடங்கிறது?”

சின்னதில் தொடங்குங்கள். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா போன்றவர்களின் மாத நாவல் ஒன்றை எடுத்தால் ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம். ஒரு புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டேன் என்ற சந்தோசம் முதலில் வரவேண்டும். அது வந்துவிட்டால் அடுத்ததை நீங்களே தேடி வருவீர்கள்.

அதற்கு அடுத்த படி சுஜாதா. கணேஷ், வசந்த் என்ற இரண்டு வக்கீல்கள் வரும் கதைகளில் எது கிடைத்தாலும் சரி. வசனம் சின்னது, பேச்சு வேகமானது, வாசிக்கிறவரை முட்டாளாக நினைக்காத எழுத்து. ஐந்து பாகம், மூன்று பாகம் என்று தடித்து நிற்பவற்றை முதல் நாளே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். எத்தனையோ பேர் அப்படிக் கொண்டுபோய், முதல் அத்தியாயத்தில் அடையாளத் தாளை வைத்தபடியே திருப்பித் தந்திருக்கிறார்கள்.

“ஒரு கதை நல்லது, கூடாது எண்டு நீங்கள் எதை வைச்சுச் சொல்லுறியள்?”

எந்தக் கதையும் முதல் இருபது பக்கத்துக்குள் நமக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிடும். ‘உன்னைப் பயப்படுத்துவேன்’, ‘யார் செய்தான் என்று கடைசியில் சொல்லுவேன்’, ‘இந்த இரண்டு பேரையும் சேர்த்துவைப்பேன்’, ‘ஆயிரம் வருசத்துக்கு முன்னே கூட்டிப்போவேன்’ என்று ஏதோ ஒன்று. முடிக்கும்போது அந்த வாக்கைக் காப்பாற்றியதா என்பதுதான் என் அளவுகோல். அழவைப்பேன் என்று சொல்லாத கதையிடம் ஏன் அழவைக்கவில்லை என்று கேட்கக்கூடாது.

வாக்கைக் காப்பாற்றியதோடு, கேட்காத ஒன்றையும் கையில் தந்துவிட்டுப் போகும் கதைகள் உண்டு. அவற்றைத்தான் நான் இரண்டாம் தரம் எடுக்கிறேன்.

“பாதியிலை விட்டால் பிழையோ?”

பிழையே இல்லை. ஐம்பது பக்கம் பாருங்கள், பிடிக்காவிட்டால் மூடுங்கள். ஆனால் ஒன்று: வீட்டில் பிரச்சினை, வயலில் வேலை, பரீட்சை நேரம் என்று மனம் வேறெங்கோ இருக்கும்போது எடுத்த புத்தகத்துக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அறுவடை முடிந்த பிறகு இன்னொரு தடவை பாருங்கள்.

“துப்பறியும் கதை வாசிச்சால் படிப்புக் கெட்டுப்போம் எண்டு ரீச்சர் சொல்லுறா. மகன் ஓ.எல். பரீட்சை எடுக்கிறான். குடுக்கலாமோ?”

கொடுக்கலாம், பாடம் முடிந்த பிறகு. துப்பறியும் கதை வாசிக்கும் பிள்ளை ஒரு விசயத்தை நினைவில் வைக்கப் பழகுகிறது. பத்தாம் பக்கத்தில் உடைந்த கண்ணாடிக்கு எண்பதாம் பக்கத்தில் அர்த்தம் வரும் என்று காத்திருக்கிறது. கண்ணால் கண்டதெல்லாம் உண்மையில்லை என்று சந்தேகப்படவும் பழகுகிறது. இதெல்லாம் படிப்புக்கு எதிரானவை என்று எனக்குத் தோன்றவில்லை. கொலையை விலாவாரியாக, இரத்தத்தை ருசித்து எழுதும் சில கதைகள் உண்டு, அவற்றை மட்டும் பார்த்துத் தள்ளிவையுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இரத்தத்தைப் பற்றி ஒரு நாவல் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

“தொடக்கம் அந்த மாதிரி, முடிவு சப்பெண்டு போச்சு. ஏன் உந்த மாத நாவலுகள் எல்லாம் இப்பிடி?”

எழுதப்படும் விதம் அப்படி. மாதம் தவறாமல் வரவேண்டும், பக்கக் கணக்கு மீறக்கூடாது. ராஜேஷ்குமார் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். அந்த வேகத்தில் எழுதுகிறவருக்குத் தொடக்கம்தான் முக்கியம், ஏனென்றால் பஸ் நிலையக் கடையில் நின்று முதல் பக்கத்தைப் புரட்டித்தான் ஆட்கள் வாங்குவார்கள். அதனால் மூளையின் நல்ல பங்கு முதல் அத்தியாயத்துக்குப் போய்விடுகிறது. கடைசியில் பக்கம் போதாமல் துப்பறிகிறவர் கதிரையில் இருந்து மூச்சுவிடாமல் விளக்கம் சொல்லுவார்.

காரணம் விளங்கினாலும் நான் அதை மன்னிப்பதில்லை. ‘யார் செய்தான்’ என்று கேட்கவைத்துவிட்டு, அதுவரை கதையிலேயே வராத ஒருவனைக் கடைசி இரண்டு பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவது வாசகரை ஏமாற்றுவதுதான். வாசகருக்கும் துப்புக் கிடைத்திருக்க வேண்டும். வேகமாக எழுதியும் அதைச் சரியாகச் செய்த கதைகள் இதே எழுத்தாளர்களிடம் இருக்கின்றன என்பதால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

“பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் வாசிக்க வேணுமோ? படம் பார்த்தாக் காணாதோ?”

மணிரத்னத்தின் படம் 2022இலும் 2023இலும் இரண்டு பாகமாக வந்தது. பார்க்க வடிவாக இருந்தது. ஆனால் கடம்பூர்க் கந்தமாறனின் தங்கை மணிமேகலை அதில் இல்லவே இல்லை. நாவலில் எனக்கு மிகவும் நெருக்கமான ஆள் அவள்தான், அதனால் படம் காணாது என்றுதான் சொல்லுவேன்.

கல்கி இதை 1950 முதல் 1954 வரை தன் வார இதழில் தொடராக எழுதினார். ஒவ்வொரு கிழமையும் வாசகரை அடுத்த கிழமை வரை இழுத்துப் பிடிக்கவேண்டும். அத்தியாயம் முடிகிற இடத்தில் எல்லாம் ஒரு கை தோளில் விழுகிறது, ஒரு குரல் கேட்கிறது, ஒரு கத்தி மின்னுகிறது. நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லுவதும் அதனால்தான், போன கிழமை இதழைத் தவறவிட்டவருக்காக. ஒரேயடியாக வாசித்தால் இது அலுக்கும். நாளுக்கு நாலைந்து அத்தியாயம் என்று வாசித்தால் அலுக்காது. எங்கள் பெரியம்மா தலைமுறை தொடர்களைக் கிழித்து எடுத்து, கோணி ஊசியால் தைத்து, மட்டை போட்டு வைத்திருந்தது. அந்தக் கட்டுகளில் பக்கத்தின் மறுபுறத்தில் தைல விளம்பரமும் துணுக்கும் வரும். அதையும் சேர்த்து வாசித்தவர்களுக்குக் கல்கியின் ஓட்டம் நன்றாகப் பிடிபட்டது.

எந்தப் பாகம் அலுக்கும் என்று கேட்டால், எனக்கு நாலாவது, ‘மணிமகுடம்’. கடம்பூர் மாளிகைக்குள் கதை நெடுநேரம் சுற்றுகிறது. இரண்டாவது பாகமான ‘சுழற்காற்று’தான் உச்சம். வந்தியத்தேவன் கோடிக்கரையில் பூங்குழலியின் படகில் ஏறி இலங்கைக்கு வருகிறான். ‘மாதோட்ட மாநகரம்’ என்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. மன்னார்ப் பக்கம் திருக்கேதீச்சரத்தை அண்டிய அதே மாதோட்டம்தான். அங்கிருந்து காட்டுப் பாதையால் தம்பள்ளைப் பக்கம் போகிறார்கள். அந்தப் பக்கங்களை வாசிக்கும்போது பாலையும் முதிரையும் நிற்கும் எங்கள் காட்டுக்குள்ளால் அவர்கள் போவது போலத்தான் எனக்குத் தெரியும். தமிழ்நாட்டு வாசகருக்குக் கிடைக்காத ஒரு சந்தோசம் அது.

“சரித்திர நாவலிலை வாறது எல்லாம் நடந்ததோ?”

இல்லை. வந்தியத்தேவன், குந்தவை, அருள்மொழிவர்மன், ஆதித்த கரிகாலன் சரித்திரத்தில் இருந்தவர்கள். நந்தினியும் பூங்குழலியும் கல்கியின் கற்பனை. சரித்திர நாவல் ஒரு பரீட்சை விடைத்தாளுக்கு ஆதாரம் ஆகாது. ஆனால் வாசித்த பிறகு உண்மையில் என்ன நடந்தது என்று தேடவைத்தால் அது பெரிய நன்மை.

நம் மண்ணிலேயே இதற்கு உதாரணம் உண்டு. கலைஞர் கருணாநிதி ‘பாயும் புலி பண்டாரக வன்னியன்’ என்று ஒரு நாவல் எழுதியிருக்கிறார். இங்கே பலருக்கு, வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனின் கதை கூத்திலும் நாடகத்திலும் இருந்து தெரியும்: குருவிச்சி நாச்சியாரின் காதல், காக்கை வன்னியனின் காட்டிக்கொடுப்பு. ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட கற்சிலைமடுவில் இருக்கும் நினைவுக் கல் சொல்வது இவ்வளவுதான்: 1803 ஒக்ரோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் (வெள்ளைக்காரப் படைத் தளபதி) இவ்விடத்தில் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான். ‘தோற்கடித்தான்’ என்றுதான் இருக்கிறது, ‘கொன்றான்’ என்று இல்லை. காதலும் துரோகமும் கல்லில் கிடையாது, அவை சனங்களின் வாயில் வாழ்கின்றன. இரண்டும் வேண்டும், எது எது என்று தெரிந்துகொண்டு வாசித்தால் போதும்.

“அஞ்சு பாகம் வாசிச்சன். ஆதித்த கரிகாலனைக் கொண்டது ஆர் எண்டு கல்கி கடைசி வரைக்கும் வடிவாச் சொல்லேல்லை. உங்கட அளவுகோலின்படி இது ஏமாத்துத்தானே?”

இந்தக் கேள்வியைக் கேட்டவர் துப்பறியும் கதைகளை முடித்துவிட்டுக் கல்கிக்கு வந்த ஒரு தம்பி. நியாயமான கேள்வி. காட்டுமன்னார்கோயிலில் இருக்கும் உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்ற பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய உறவினரின் சொத்துகள் பறிக்கப்பட்டதைச் சொல்லுகிறது. பின்னால் யார் நின்றார்கள், ஏன் செய்தார்கள் என்பது இன்றைக்கும் விவாதம். கல்கி அந்த இருட்டை அப்படியே விட்டார்.

என் கணக்கில் அது ஏமாற்று இல்லை. முதல் பக்கத்தில் ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் ஒரு வாலிபனைக் காட்டி, இவனோடு வா என்றுதான் கூப்பிட்டார். அந்த வாக்கைக் காப்பாற்றினார். முடிவு திடீரென்று வந்ததுதான் எனக்கும் குறை. அன்றைய வாசகர்களும் இதே குறையை எழுதிக் கேட்க, கல்கி ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்களுக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்று சொன்னார். அதை வாசிக்காமல் புத்தகத்தை மூடிவிடாதீர்கள்.

“சாண்டில்யன் பெட்டைப் பிள்ளையளுக்குக் குடுக்கலாமோ? வர்ணனை ஒரு மாதிரி எண்டு சொல்லினம்.”

‘கடல் புறா’வில் கப்பல், காற்று, கடற்போர் வரும் இடங்கள் அருமை. கருணாகரத் தொண்டைமான் கடலில் ஒரு திட்டம் போட்டால் நமக்கு உள்ளங்கை வேர்க்கும். ஆனால் ஒரு பெண் உள்ளே வந்தவுடன் கதை நின்றுவிடும். கண், கழுத்து, இடை என்று இரண்டு பக்கம் போகும். அந்தப் பெண் ஒரு அரசியல் செய்தி கொண்டுவந்திருப்பாள், அதைச் சொல்ல அவளுக்கு இடம் கிடைக்கக் கன நேரம் எடுக்கும்.

பெட்டை, பெடியன் என்று பார்க்காமல் பதினாறு வயதுக்கு மேல் யாருக்கும் கொடுப்பேன். அந்த இடங்களைத் தாண்டிப் போகலாம் என்றும் சொல்லிக் கொடுப்பேன். கதை ஒன்றும் குறையாது.

“ரமணிசந்திரன் கதை எல்லாம் ஒரே மாதிரித்தானே அன்ரி? ஏன் இவ்வளவு அடுக்கி வைச்சிருக்கிறியள்?”

ஏனென்றால் அதிகமாக எடுத்துப் போகப்படுவது அவைதான். ஒரே மாதிரி என்பது உண்மை. கோபக்கார ஆண், தன்மானமுள்ள பெண், ஒரு தப்பபிப்பிராயம், பிறகு சேர்தல். வாசிக்கிறவருக்கும் இது தெரியும், தெரிந்துதான் எடுக்கிறார். பின்னேரத் தேத்தண்ணி நேற்றைய ருசியிலேயே இருக்கவேண்டும் என்று கேட்பது போலத்தான் இதுவும். நாளெல்லாம் தையல் மெசினில் இருந்துவிட்டு, பிள்ளைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டு, இரவில் ஒரு மணித்தியாலம் எல்லாம் நல்லபடியாக முடியும் ஒரு உலகத்தில் இருக்க விரும்பும் பெண்ணைப் பார்த்து ‘உதெல்லாம் குப்பை’ என்று சொல்லுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம். இங்கே எத்தனை பேருக்கு நல்ல முடிவு கிடைத்தது?

ஆனால் இந்த வகைக் கதைகளில் எனக்கு மனத்தாங்கலும் உண்டு. ஆண் கையைப் பிடித்து முறுக்குவான், வாயில் வந்தபடி ஏசுவான், கடைசியில் அது அன்பின் வேகம் என்று ஆகிவிடும். இளம் பிள்ளைகள் எடுக்கும்போது அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன்: கதையில் சரி, வீட்டுக்கு வருகிறவன் இப்படி இருந்தால் அது அன்பு இல்லை.

“சுஜாதாவின்ரை ‘என் இனிய இயந்திரா’ 2021இலை நடக்கிற கதையாம். 2021 போட்டுதே, இனி என்ன வாசிக்கிறது?”

இனித்தான் வாசிக்கவேண்டும். 80களில் இருந்துகொண்டு அவர் கற்பனை செய்த 2021இல் ஆட்களின் பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் இருக்கக்கூடாது, பிறப்பும் இறப்பும் அரசாங்கத்தின் கணக்கில். ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் வாசிக்கும், கேள்வி கேட்கும். ஆண்டு பலித்ததா இல்லையா என்பது ஒரு பக்கம். எல்லாரும் ஒரு தலைவரின் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாட்டில் ஒரு நாய்தான் நேராக யோசிக்கிறது என்பது எப்போதும் வாசிக்கக்கூடிய கதை. பிடித்தால் ‘மீண்டும் ஜீனோ’ இருக்கிறது. முதலாவதுதான் இரண்டிலும் நல்லது என்பது என் எண்ணம்.

“எல்லாம் மெட்ராசும் கோயம்புத்தூரும்தான். எங்கட இடத்தைப் பற்றி விறுவிறுப்பா ஒருதரும் எழுதேல்லையோ?”

எழுதியிருக்கிறார்கள். நான் முதலில் எடுத்துத் தருவது அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’. 1973இல் வந்தது. கதை நடப்பது எங்கள் மாவட்டத்துத் தண்ணிமுறிப்பில். காடு வெட்டி, வேட்டையாடி வாழும் கதிராமனும், வெளியுலகம் தெரியாமல் வளர்ந்த பதஞ்சலியும்தான் முக்கியமானவர்கள். காட்டுக்குள் எந்தச் சத்தத்துக்கு நிற்கவேண்டும், எந்தச் சத்தத்துக்கு ஓடவேண்டும் என்று தெரிந்தவர் எழுதிய எழுத்து. மெல்லியது, ஒரு நாளில் முடியும். எங்கள் ஆட்கள் பேசுவது போலவே பேசுகிறார்கள். குமுழமுனைப் பக்கத்து வயதானவர் ஒருவர், அதை வாங்கிப்போய் மனைவிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டு, திருப்பித் தர மனமில்லாமல் வைத்திருந்தார். நானும் கேட்கவில்லை.

அது வீரகேசரிப் பத்திரிகையின் பிரசுரமாக வந்தது. 70களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது, இங்குள்ளவர்கள் இங்குள்ளவர்களுக்கு எழுதும் நாவல்கள் நிறைய வந்தன. செங்கை ஆழியானும் அந்தக் காலத்தில் பெரிதும் வாசிக்கப்பட்டவர். அவருடைய ‘வாடைக்காற்று’ படமாகவும் வந்தது. சிரிக்க வேண்டுமென்றால் ‘ஆச்சி பயணம் போகிறாள்’. என் ஆதங்கம் ஒன்றுதான்: வன்னியில் நடக்கும் ஒரு நல்ல துப்பறியும் கதை இன்னும் என் அலுமாரிக்கு வரவில்லை. குளக்கட்டு, காவல் கொட்டில், யானை வேலி, இரவு பஸ் என்று எல்லாம் இருக்கிறது. எழுதும் பிள்ளைகள் யாராவது கவனிக்கவேண்டும்.

“சண்டையைப் பற்றின நாவலுகளை என்னாலை வாசிக்க ஏலாமல் கிடக்கு. எங்கட கதையை நாங்களே வாசிக்காட்டில் பிழையோ?”

பிழை இல்லை. இங்கே இருந்து 2009ஐத் தாண்டி வந்த ஒருவர் அதைத் திரும்ப வாசிக்கக் கடமைப்பட்டவர் இல்லை. எழுதப்பட வேண்டும், இருக்கவேண்டும், பிறகு வரும் பிள்ளைகள் வாசிக்கவேண்டும். நீங்கள் இன்று பேய்க்கதை வாசித்துவிட்டு நித்திரை கொள்ளலாம். அந்தப் புத்தகங்கள் என் அலுமாரியின் மேல் தட்டில் இருக்கின்றன. எடுக்க விரும்புகிறவர் எடுக்கலாம், யாரையும் எடுக்கச் சொல்லி நான் கேட்பதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் துன்பத்தைப் பற்றி எழுதியதாலேயே ஒரு நாவல் நல்ல நாவல் ஆகிவிடாது. மேலே சொன்ன அளவுகோல் இதற்கும்தான். எங்கள் சாவை ஒரு திருப்பத்துக்காகப் பயன்படுத்தும் கதையை நான் மூடிவைத்துவிடுவேன், யார் எழுதியிருந்தாலும்.

“போனிலை பீ.டி.எஃப். சும்மா கிடைக்குதே, பிறகு புத்தகம் எதுக்கு?”

சும்மா கிடைப்பதில் இரண்டு வகை. கல்கியின் எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் இருக்கிறது, தாராளமாக இறக்கலாம். ஈழத்து நூல்களுக்கும் பழைய சஞ்சிகைகளுக்கும் 2005 முதல் ‘நூலகம்’ இணைய நூலகம் இருக்கிறது. வாங்கவே முடியாத எத்தனையோ புத்தகம் அங்கே கிடைக்கும். சாக்கில் கட்டிக்கொண்டு போய், வழியில் விட்டுவிட்டு வந்த புத்தகங்களை அங்கே திரும்பக் கண்டு கலங்கியவர்களை எனக்குத் தெரியும்.

மற்றது, இன்றைக்கு எழுதி வாழ்கிறவரின் புத்தகத்தை யாரோ படம் பிடித்துச் சுற்றுக்கு விடுவது. அது வேண்டாம். காசு இல்லையென்றால் வாசிகசாலைக்கும் பிரதேச சபை நூலகத்துக்கும் போங்கள், அல்லது என்னிடம் வாருங்கள்.

“எல்லாரும் புகழுற எழுத்தாளர், எனக்குப் பிடிக்கேல்லை. சொன்னால் உனக்கு விளங்கேல்லை எண்டு அடக்கிப்போடுவினம். என்ன செய்யிறது?”

சொல்லுங்கள். ஆனால் ‘பிடிக்கவில்லை’ என்பதோடு நிறுத்தாமல், எந்தப் பக்கத்தில் மனம் விட்டுப்போனது என்று சொல்லுங்கள். பாலகுமாரனின் பாத்திரங்கள் பேசத் தொடங்கினால் நிறுத்தாமல் தத்துவம் சொல்லுவது எனக்கு ஒத்துவராது. ‘இரும்பு குதிரைகள்’ லொறிகளைப் பற்றிச் சொல்லும் இடங்கள் மட்டும் மிகவும் பிடிக்கும். இப்படிச் சொன்னால் எதிரே இருப்பவர் அந்த இடத்தைப் பற்றித்தான் பேசவேண்டும், உங்கள் அறிவைப் பற்றிப் பேச முடியாது. இரண்டு பேரும் புத்தகத்தைத் திறப்பீர்கள், அங்கேதான் நல்ல கதை தொடங்கும்.

உண்மையில் விளங்காமல் இருக்கவும் கூடும். அப்போது விளங்கவில்லை என்று சொல்லுவதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

“நீங்கள் ஒருக்காலும் வைச்சிருக்காத கதை என்ன மாதிரியானது?”

எல்லாம் கனவு என்று முடியும் கதை. ஒரு சாதியையோ சமயத்தையோ கறுப்பாகக் காட்டி வில்லன் செய்யும் கதை. இன்னொன்று, கடைசிப் பக்கம் கிழிந்த துப்பறியும் கதை. யாராவது அன்பளிப்பாகக் கொண்டுவந்தால் முதலில் கடைசித் தாளைப் பார்த்துத்தான் வாங்குவேன். பக்க ஓரத்தில் பென்சிலால் ‘இவன்தான் கொலைகாரன்’ என்று எழுதிக் கோடிட்டிருந்தால், அழிறப்பர் எடுத்து அழித்துவிட்டுத்தான் தட்டில் வைக்கிறேன். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள்.